பதினோராம் பக்கம்

கரண்டு ரீடிங் எடுக்கப் போகிற வீடுகளில்
மீட்டர் பெட்டிக்கு மேலே எப்படியும் ஒரு பரண் இருக்கும்.
எண்ணைக் குறித்துக்கொண்டே அண்ணாந்து கேட்பேன்,
"பழைய புஸ்தகம் ஏதும் கிடக்கா?"
திருத்துறைப்பூண்டி தெற்குப் பிரிவில்
எனக்குப் பேரே பேப்பர்க்கார மேடம்.

தேடுவது ஒரே நூலை.
'கலமும் கயிறும்'. இருபத்து நாலு பக்கம், விலை அரையணா.
எழுதியவர் வேதமாணிக்கம், மூன்றாம் வகுப்பு வாத்தியார்.
ஒரு கலம் நெல்லுக்கு
ஓர் ஆள், அவன் பெண்டாட்டி, இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளை
என்று கைநாட்டு வாங்கிய ஓலைகளை
வரி மாற்றாமல் அச்சில் ஏற்றினார்.
வேலை போனது. கச்சனம் சாலையில் மறித்து
வலது மணிக்கட்டை வண்டிச் சக்கரத்தில் கொடுத்து ஒடித்தார்கள்.
'மீதியை இடது கையால் எழுதினேன், பிழை பொறுக்க.'
முன்னுரை அவ்வளவுதான்.

அச்சடித்தவர் கும்பகோணத்தில்
கல்யாணப் பத்திரிகை போடுகிற அப்பாண்டை நயினார்.
அவருக்கு நாலு மாதம் ஜெயில்.
ஈய எழுத்துகளைக் கூடை கூடையாய்க்
காவிரியில் கொட்டினார்களாம்.
அங்கே ஆற்றில் இறங்கினால்
காலில் உறுத்துவது சரளையா, ஒரு 'ழ'வா என்று
இன்றைக்கும் குனிந்து துழாவுகிறேன்.

பதினாலு வருசத்தில் ஆறு பிரதி.
ஒன்று பைபிள் அட்டைக்குள் வைத்துத் தைத்திருந்தது.
ஒன்று கொட்டகை மூங்கில் குழலுக்குள்;
சுருளை நிமிர்த்த மூன்று நாள் பிடித்தது.
ஒன்று கஜா புயலில் ஓடு பறந்த வீட்டில்,
இட்லித் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன்.
மற்ற மூன்றும் பாதி கரையான்.

ஆறிலும் பதினோராம் பக்கம் இல்லை,
அதன் முதுகில் இருந்த பன்னிரண்டும்.
பூச்சி தின்றதல்ல, நகத்தால் கீறி நேராய்க் கிழித்தது.
'போலீஸ்' என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

போன ஐப்பசியில்,
அரிச்சந்திரா நதிக்கு மேற்கே ஒரு பண்ணை வீடு.
மனைவியை விற்று, மகனை விற்று, தன்னையும் விற்றவன் பேரில்
ஓர் ஆறு ஓடுகிற ஊர் எங்களுடையது.
மூன்று சர்வீஸில் இரண்டு பூட்டு.
வீட்டைக் கைமாற்றிவிட வந்திருந்த பேரன்
பெட்டகத்தைத் திறந்து காட்டினான்.
பேரேடுகளுக்கு நடுவே, பட்டுத்துணி சுற்றி, வேப்பிலை தூவி,
ஏழாவது பிரதி. ஓரம்கூட மடங்கவில்லை.
எரிக்கச் சொன்னவர் வீட்டில்தான்
அது எரியாமல் இருந்திருக்கிறது.
ஐயாயிரம் சொன்னான்.
மூவாயிரத்து இருநூறு, ஜீபேயில்.

பதினோராம் பக்கத்தில் நாற்பத்து மூன்று பேர்.
தகப்பன் பேர், எத்தனை மரக்கால், எந்த வருசம்.
சிலருக்கு நேரே சிவப்புப் பென்சில் டிக்.
யாரைக் கட்டிவைத்தார்கள் என்றா,
யார் ஓடிப்போனார்கள் என்றா,
பேரேட்டைப் புரட்டியும் தெரியவில்லை.

பதினேழாவது: பக்கிரி மகன் காத்தான், ஆறு மரக்கால்.
காத்தான் பேத்தி செசிலி வீட்டு மீட்டர் எனக்குப் பழக்கம்.
ஒரு தையல் மிஷின், ஒரு ஃபேன், நூறு யூனிட்டைத் தாண்டாது.
பைபிளைப் பிரித்துக் கொடுத்தவள் அவள்தான்.
செல்லில் படத்தைக் காட்டினேன்.
விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"போலீசா? எங்கப்பாதான் கிழிச்சாரு.
அத்தைய பொண்ணு பாக்க வந்தவுங்க கண்ணுல படக்கூடாதுன்னு.
ஆறு மரக்காதானாக்கா?"
நூலை ஊசியில் கோத்தபடியே பிறகு சொன்னாள்,
"கிழிச்சத தூரப் போடல அவரு.
பொதைக்கிறப்ப சட்டைப் பையில வெச்சு அனுப்புனோம்."

அன்றிரவு 'போலீஸை' அடித்தேன்.
பக்கத்தில் எதையும் எழுத வரவில்லை.

தஞ்சாவூரிலிருந்து ஓர் ஆய்வு மாணவன் போன் பண்ணுகிறான்,
முழுப்பிரதியாமே, ஸ்கேன் பண்ணி ஏத்திரலாமா மேடம்?
நாற்பத்து மூன்று வீடு இருக்குப்பா என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை.

இந்தத் தடவை நான் பரணைப் பார்ப்பதில்லை.
எண்ணைக் குறித்துவிட்டு முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன்,
"ஒங்க தாத்தாவுக்கு அப்பா பேரு என்னங்க?"
ஏழாவது வீட்டில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள்.
எட்டாவதில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.